கையை அழுத்திப் பார்த்து மனதுக்கு மதிப்பெண் போடலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் ஞாயிறு இணைப்பில் மன ஆற்றலை அளந்து வாழ்க்கையை உயர்த்திக்கொள்வது பற்றி ஒரு முழுப் பக்கக் கட்டுரை வந்திருந்தது. நடுவில் வண்ண வண்ணமாக ஒரு அட்டவணை. அவமானம் 20, குற்றவுணர்வு 30, விரக்தி 50, துக்கம் 75, பயம் 100, ஆசை 125, கோபம் 150, கர்வம் 175, துணிவு 200, அப்படியே ஏறிக்கொண்டே போய் அன்பு 500, ஆனந்தம் 540, அமைதி 600, ஞானம் 700-லிருந்து 1000 வரை. எண்களுக்குப் பக்கத்தில் ‘ஹெர்ட்ஸ்’ என்றும் போட்டிருந்தது. இந்த அட்டவணை வாட்ஸ்அப்பில் காலை வணக்கத்தோடு சேர்ந்து சுற்றுவதைப் பல வருடமாகப் பார்க்கிறேன், அதற்கெல்லாம் யாருக்கு எழுதுவது என்று விட்டுவிட்டேன். ஆனால் ஒரு நாளிதழில் அச்சாகி வரும்போது கதை வேறு. வீட்டில் பெரியவர்கள் அதைக் கத்தரித்து எடுத்து வைக்கிறார்கள், பேப்பரிலேயே போட்டிருக்கிறான் என்று சொல்கிறார்கள். இந்த எண்கள் எங்கிருந்து வந்தன, யார் அளந்தார்கள், எதை வைத்து அளந்தார்கள் என்று கட்டுரை முழுவதிலும் ஒரு வரி இல்லை. அந்தக் கதையைச் சொல்லத்தான் எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் பிசியோதெரபிஸ்ட்டாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். போலியோ வந்த பிள்ளைகள், தொழுநோயால் நரம்பு பாதித்தவர்கள், இவர்களோடுதான் என் காலம் போனது. அந்த அட்டவணையில் இருக்கும் ஒவ்வொரு எண்ணும் கடைசியில் ஒரே ஒரு செய்கையிலிருந்து வருகிறது: ஒருவர் கையை நீட்டுகிறார், இன்னொருவர் அதை அழுத்திப் பார்க்கிறார், கை நின்றால் ‘ஆம்’, இறங்கினால் ‘இல்லை’. அவ்வளவுதான். இயந்திரம் எதுவும் கிடையாது. நம்புவதற்குக் கஷ்டமாக இருக்கும், ஆனால் உண்மை இதுதான். தசையை அழுத்திப் பார்ப்பது எங்கள் தொழிலின் அரிச்சுவடி, அதனால்தான் எனக்கு இதில் இவ்வளவு அக்கறை.

அந்தப் பரிசோதனை எப்படிப் பிறந்தது என்பதை முதலில் சொல்கிறேன், ஏனென்றால் அது நல்ல கதை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவில் போலியோ அலை அலையாக வந்துகொண்டிருந்தது. பாஸ்டன் நகரத்தில் ராபர்ட் லவெட் என்ற எலும்பு சிகிச்சை மருத்துவர், போலியோ வந்த பிள்ளைகளின் ஒவ்வொரு தசையிலும் எவ்வளவு பலம் மிச்சம் இருக்கிறது என்று தெரியாமல் வைத்தியம் செய்ய முடியாது என்று கண்டுகொண்டார். (பின்னாளில் அமெரிக்க ஜனாதிபதியான ரூஸ்வெல்ட்டுக்கு 1921-ல் போலியோ என்று கண்டு சொன்னவரும் இவர்தான்.) அவரோடு வேலை செய்த வில்ஹெல்மின் ரைட் என்ற பெண்மணி 1912 வாக்கில் அந்த முறையை எழுத்தில் கொண்டுவந்தார். அடிப்படை மிக எளிமை. பூமியின் ஈர்ப்புக்கு எதிராகப் பிள்ளையால் காலைத் தூக்க முடிகிறதா? தூக்கிய காலை நாம் லேசாக அழுத்தினால் தாங்குகிறதா? பலமாக அழுத்தினால்? தூக்கவே முடியவில்லை என்றால், பக்கவாட்டில் படுக்க வைத்து எடையைத் தாங்கிக்கொண்டால் அசைகிறதா? அதுவும் இல்லை என்றால் தசையில் ஒரு துடிப்பாவது விரலுக்குத் தட்டுப்படுகிறதா?

இரண்டாம் உலகப் போரின்போது, நரம்பில் குண்டடிபட்ட வீரர்களுக்காக பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் 1943-ல் இதை 0 (துடிப்பே இல்லை) முதல் 5 (முழு பலம்) வரை என்று ஒழுங்குபடுத்தியது. இன்றைக்கும் தமிழ்நாட்டில் எந்த அரசு ஆஸ்பத்திரியில் பக்கவாத நோயாளியின் கேஸ் ஷீட்டை எடுத்துப் பார்த்தாலும் இந்த எண் இருக்கும். 1949-ல் பால்டிமோரைச் சேர்ந்த ஹென்றி கெண்டல், ஃப்ளாரன்ஸ் கெண்டல் தம்பதி தசைப் பரிசோதனை பற்றிய பெரிய பாடப்புத்தகத்தை வெளியிட்டார்கள். எந்தத் தசைக்கு எந்த நிலையில் படுக்க வைக்க வேண்டும், எங்கே கையை வைக்க வேண்டும், எந்தத் திசையில் அழுத்த வேண்டும், பக்கத்துத் தசை உதவிக்கு வந்து நம்மை ஏமாற்றாமல் எப்படிப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று ஒவ்வொன்றும் படத்தோடு இருக்கும். எங்களுக்கு அது வேதம் மாதிரி.

இந்த அளவுகோலின் எல்லை எங்களுக்கு முதல் வருடத்திலேயே சொல்லிக்கொடுக்கப்பட்டது. 0, 1, 2, 3 இவற்றில் பெரிய சண்டை வராது. 4-க்கும் 5-க்கும் நடுவில்தான் பிரச்சினை. ஒரே பிள்ளையை இரண்டு பேர் சோதித்தால் ஒருவர் 4 என்பார், இன்னொருவர் 5 என்பார், ஏனென்றால் அங்கே அழுத்துகிறவரின் பலமும் கலந்துவிடுகிறது. தொழுநோய்ப் பணியில் இதைத் தெரிந்துதான் இன்னும் எளிமையாக வைத்தார்கள்: பலம், பலவீனம், செயலிழப்பு என்று மூன்றே மூன்று. கண்ணை இறுக்க மூடச் சொல்வோம், சுண்டு விரலை விரிக்கச் சொல்வோம், கட்டை விரலை மேலே தூக்கச் சொல்வோம், பாதத்தை மேலே மடக்கச் சொல்வோம். போன மாதம் பலமாக இருந்த சுண்டு விரல் இந்த மாதம் பலவீனம் என்று வந்தால் நரம்பு வீங்கிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம், உடனே பிரெட்னிசலோன் என்ற வீக்கம் குறைக்கும் மருந்தை ஆரம்பித்தால் விரல் மடங்கிப்போகாமல் காப்பாற்ற வாய்ப்பு உண்டு. ஒரு பரிசோதனை என்றால் இப்படி இருக்க வேண்டும். அது சொல்வது கொஞ்சம்தான், ஆனால் அந்தக் கொஞ்சத்தை வைத்து ஒருவரின் விரலைக் காப்பாற்றலாம்.

இப்போது 1964-க்கு வருவோம். அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரத்தில் ஜார்ஜ் குட்ஹார்ட் என்று ஒரு கைரோபிராக்டர், அதாவது முதுகெலும்பைக் கையால் நீவிச் சரிசெய்யும் மாற்று வைத்தியர். அவரிடம் வந்த ஒரு நோயாளிக்குத் தோள்பட்டை எலும்பு பின்பக்கம் துருத்திக்கொண்டிருந்தது. கெண்டல் தம்பதியின் முறைப்படி சோதித்தபோது, அந்த எலும்பை விலாவோடு பிடித்து வைக்கும் தசை பலவீனமாக இருந்தது. அந்தத் தசை விலாவில் ஒட்டும் இடங்களில் சின்னச் சின்ன முடிச்சுகள் தட்டுப்பட, அவற்றை அழுத்தித் தேய்த்துவிட்டார், உடனே தசை பலமாகிவிட்டது என்று எழுதினார். இதுவரைக்கும்கூட எனக்கு அவரோடு சண்டை இல்லை. வலியால் வேலை செய்யாமல் இருக்கும் தசை, தேய்த்துவிட்டபின் வேலை செய்வதை நானும் பார்த்திருக்கிறேன். ஆனால் அவர் அங்கே நிற்கவில்லை. ஒவ்வொரு தசையும் ஒரு உள்ளுறுப்போடு தொடர்புடையது, இந்தத் தசை பலவீனம் என்றால் கல்லீரலில் கோளாறு, அந்தத் தசை என்றால் சிறுநீரகத்தில் என்று கொண்டுபோனார். சீன வைத்தியத்தின் நாடிப் பாதைகளையும் அதில் சேர்த்தார். உணவுப் பொருளை நாக்கில் வைத்து, கை இறங்குகிறதா என்று பார்த்தால் அது உடம்புக்கு ஒத்துக்கொள்ளுமா என்று தெரியும் என்றார். இதற்கு அப்ளைடு கினிசியாலஜி என்று பெயர். அவருக்குச் செல்வாக்கும் வந்தது, 1980 லேக் பிளாசிட் குளிர்கால ஒலிம்பிக்கில் அமெரிக்க அணியின் மருத்துவக் குழுவில் இடம் பெற்றார். 1973-ல் அவருடைய வழியில் வந்த ஜான் தீ, இதைச் சாதாரண மக்களும் வீட்டில் செய்துகொள்ளலாம் என்று சுருக்கிக் கொடுத்தார்.

அடுத்த படி மனம். ஆஸ்திரேலியாவிலிருந்து அமெரிக்கா போன ஜான் டைமண்ட் என்ற மனநல மருத்துவர், உடம்புப் பிரச்சினைக்கு மட்டும் அல்ல, உணர்ச்சிகளுக்கும் கை பதில் சொல்லும் என்றார். வெறுக்கிறவரை நினைத்தால் கை இறங்கும், நேசிக்கிறவரை நினைத்தால் நிற்கும். சில வகை இசையைக் கேட்டால் இறங்கும், சிலவற்றைக் கேட்டால் நிற்கும். 1970களின் கடைசியில் இது புத்தகமாகவும் வந்தது. விரல்நுனியால் முகத்திலும் நெஞ்சிலும் தட்டிக்கொள்ளும் ‘டாப்பிங்’ முறை இருக்கிறதே, அதன் ஆரம்பமும் இதே வட்டாரம்தான். ரோஜர் கேலஹன் என்ற உளவியலாளர் எந்த இடத்தில் தட்டுவது என்று கண்டுபிடிக்க முதலில் இந்தக் கை பரிசோதனையைத்தான் பயன்படுத்தினார். 1990களில் கேரி க்ரெய்க் என்ற பொறியாளர் அந்தப் பரிசோதனையை எடுத்துவிட்டு, எல்லாருக்கும் ஒரே வரிசையில் தட்டு என்று எளிமையாக்கினார். அது போகட்டும், நம் அட்டவணைக்கு வருவோம்.

டேவிட் ஹாக்கின்ஸ். 1927-ல் பிறந்தவர், 2012-ல் மறைந்தவர். நியூயார்க்கில் மனநல மருத்துவராகப் பெரிய அளவில் தொழில் செய்தவர். நோபல் பரிசு பெற்ற லைனஸ் பாலிங்கோடு சேர்ந்து 1973-ல் ஒரு நூலைத் தொகுத்தவர். அதாவது ஏமாற்றுப் பேர்வழி என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிடக்கூடிய ஆள் இல்லை. அவர் எழுதியதைப் படித்தால், மனிதர்களின் துன்பத்தைப் பார்த்து உண்மையிலேயே வருந்தியவர் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. டைமண்ட் செய்து காட்டியதைப் பார்த்து அவர் இதற்குள் வந்தார். வந்தவர் ஒரு பெரிய தாவலைத் தாவினார். கை சொல்வது அந்த ஆளின் உடம்பைப் பற்றியோ மனதைப் பற்றியோ மட்டும் அல்ல, உலகத்தில் உள்ள எந்த வாக்கியத்தைச் சொன்னாலும் அது உண்மையா பொய்யா என்று கை சொல்லிவிடும் என்றார். சோதிக்கப்படுகிறவருக்கு அந்த விஷயம் தெரிந்திருக்க வேண்டும் என்றுகூட அவசியம் இல்லை. எல்லாருக்கும் பொதுவான ஒரு அறிவுப் பரப்போடு உடம்பு தொடர்பில் இருக்கிறது, அங்கிருந்து பதில் வருகிறது என்பது அவர் விளக்கம்.

எண் எப்படி வருகிறது என்றால், ‘இந்த உணர்வு 100-க்கு மேல்’ என்று சொல்லி இரண்டு விரலால் மணிக்கட்டை அழுத்துவது. கை நின்றால் ‘150-க்கு மேல்’. நின்றால் ‘200-க்கு மேல்’. எங்கே இறங்குகிறதோ அதுதான் அளவு. இப்படித்தான் அன்புக்கு 500 வந்தது, கோபத்துக்கு 150 வந்தது. 1995-ல் வந்த ‘பவர் வெர்சஸ் ஃபோர்ஸ்’ என்ற அவர் புத்தகத்தின் மையமே இந்த அட்டவணை. இதே ஆராய்ச்சிக்குத்தான் அவர் கொலம்பியா பசிபிக் என்ற தபால்வழிப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டமும் வாங்கினார். பெயரைப் பார்த்து நியூயார்க்கின் புகழ்பெற்ற கொலம்பியா பல்கலைக்கழகம் என்று நினைத்துவிடாதீர்கள், இது முறையான அங்கீகாரம் இல்லாமல் கலிபோர்னியாவில் இயங்கியது, பின்னாளில் அந்த மாநில அரசு நடவடிக்கை எடுத்து மூடவைத்தது.

இப்போது அந்த ‘ஹெர்ட்ஸ்’ விஷயம். ஹெர்ட்ஸ் என்றால் ஒரு வினாடிக்கு எத்தனை முறை அதிர்கிறது என்ற கணக்கு. ஒரு சுருதிக் கவை 440 ஹெர்ட்ஸ் என்றால் அதன் முனை ஒரு வினாடிக்கு 440 தடவை ஆடுகிறது, மைக் வைத்து யார் வேண்டுமானாலும் அளந்து பார்க்கலாம். ஆனந்தமாக இருக்கிற மனிதரிடம் வினாடிக்கு 540 தடவை ஆடுவது எது? ஹாக்கின்ஸே அப்படிச் சொல்லவில்லை. அவர் எண்கள் லாகரிதம், அதாவது பத்தின் அடுக்குகள் என்றுதான் அவர் எழுதினார். ஹெர்ட்ஸ் என்பது அட்டவணை கைமாறிக் கைமாறி வந்த வழியில் யாரோ ஒட்டியது, உங்கள் கட்டுரையும் அதை அப்படியே எடுத்துப் போட்டுவிட்டது.

சரி, லாகரிதம் என்றே வைத்துக்கொள்வோம். கோபம் 150, கர்வம் 175 என்றால், அவர் கணக்குப்படி கர்வத்தின் ஆற்றல் கோபத்தைப்போல ஒன்றுக்குப் பின்னால் 25 சைபர் போட்ட அத்தனை மடங்கு. இந்த வித்தியாசத்தை இரண்டு விரலால் மணிக்கட்டை அழுத்திக் கண்டுபிடித்ததாகச் சொல்கிறார்கள். 0 முதல் 5 வரை உள்ள அளவுகோலில் 4-க்கும் 5-க்கும் வித்தியாசம் கண்டுபிடிக்கவே வாழ்நாளெல்லாம் பழகியவர்கள் தடுமாறுகிறோம் ஐயா. அதே கை, அதே தசை, அதே அழுத்தல். அதை வைத்து 1 முதல் 1000 வரை, அதுவும் பத்தின் அடுக்குகளில், அதுவும் காதலையும் ஞானத்தையும் அளக்க முடியும் என்று சொன்னால் எனக்கு எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஆனால் கை இறங்குவது நிஜம்தானே, நானே பார்த்தேனே என்று பலர் சொல்வார்கள். நிஜம்தான், நான் மறுக்கவில்லை. கை ஏன் இறங்குகிறது என்று நானே உங்களுக்குச் செய்து காட்ட முடியும். முழங்கைக்குப் பக்கத்தில் அழுத்தினால் கை நிற்கும், மணிக்கட்டில் அழுத்தினால் அதே பலத்துக்கு இறங்கும், நெம்புகோல் நீளம் கூடிவிடுகிறது, அவ்வளவுதான். ‘தாங்குங்கள்’ என்று சொல்லி ஒரு நொடி விட்டு அழுத்தினால் நிற்கும், சொல்லும்போதே சடக்கென்று அழுத்தினால் இறங்கும். தோள் உயரத்திலிருந்து கையை ஒரு அங்குலம் மாற்றினாலே வித்தியாசம் வரும். இரண்டாவது தடவை சோதிக்கும்போது தசை ஏற்கனவே களைத்திருக்கும். இதையெல்லாம் யாரும் திட்டம் போட்டுச் செய்ய வேண்டியதில்லை. என்ன பதில் வரும் என்று சோதிக்கிறவருக்கு மனதில் ஒரு எண்ணம் இருந்தால் போதும், விரல் தானாகவே அதற்கேற்ப அழுத்தும், நீட்டியிருப்பவரின் தோளும் தானாகவே அதற்கேற்ப விட்டுக்கொடுக்கும், இரண்டு பேருக்குமே தெரியாது. 1852-லேயே வில்லியம் கார்பென்டர் என்ற ஆங்கிலேய மருத்துவர் இதை விளக்கி எழுதிவிட்டார். அடுத்த வருடமே மைக்கேல் ஃபாரடே, ஆவி வந்து மேசையை நகர்த்துகிறது என்று நம்பியவர்களின் கைக்கும் மேசைக்கும் நடுவில் ஒரு சின்ன அமைப்பை வைத்து, நகர்த்துவது அவர்கள் கைதான் என்று காட்டினார். அந்த ஜனங்கள் பொய் சொல்லவில்லை. அவர்கள் கை செய்ததை அவர்கள் உணரவில்லை, அவ்வளவுதான்.

ஆகவே நேர்மையான சோதனை ஒன்றே ஒன்றுதான். சரியான பதில் எது என்று சோதிக்கிறவருக்கும் தெரியக்கூடாது, சோதிக்கப்படுகிறவருக்கும் தெரியக்கூடாது. அப்படிச் செய்தும் பார்த்திருக்கிறார்கள். 1988-ல் அமெரிக்காவில் இந்த முறையில் அனுபவம் உள்ள மூன்று பேரை வைத்து 11 பேரிடம் வைட்டமின், துத்தநாகம் போன்ற நான்கு சத்துகள் குறைவாக இருக்கின்றனவா என்று சொல்லச் சொன்னார்கள். அந்த மூன்று பேரும் ஒருவரோடு ஒருவர் ஒத்துப்போகவில்லை, இரத்தப் பரிசோதனையோடும் ஒத்துப்போகவில்லை. 2001-ல் ஜெர்மனியில் குளவிக் கடி ஒவ்வாமை உள்ளவர்களை வைத்து, மூடிய குப்பியில் குளவி நஞ்சு இருக்கிறதா இல்லையா என்று கையால் கண்டுபிடிக்கச் செய்தார்கள். காசு சுண்டிப் போட்டுச் சொல்வதைவிட மேலாக எதுவும் வரவில்லை. 2014-ல் இன்னொன்று, ஒரு குப்பியில் உப்புநீர், இன்னொன்றில் விஷ இரசாயனம். நடத்தியவர்களில் இப்படிப்பட்ட விஷயங்களில் நாட்டம் உள்ளவர்களும் இருந்தார்கள், குற்றம் கண்டுபிடிக்க வந்தவர்கள் அல்ல. அதிலும் இதே முடிவுதான்.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். 1999-ல் வந்த ஒரு ஆய்வில், தன்னைப் பற்றி உண்மையான வாக்கியத்தைச் சொல்லும்போதும் பொய்யான வாக்கியத்தைச் சொல்லும்போதும் ஒருவரின் தோள் தசை தாங்கும் பலத்தில் வித்தியாசம் இருந்தது, அழுத்தத்தைக் கருவியால் அளந்தார்கள். எனக்கு அதில் ஆச்சரியம் இல்லை. தன் பெயரைத் தப்பாகச் சொல்லும்போது மனம் கொஞ்சம் இடறும், அந்த நேரத்தில் கை கொஞ்சம் தளரும். ஆனால் அது அந்த ஆளுக்குத் தெரிந்த விஷயம். தெரியாத விஷயத்துக்கும் கை பதில் சொல்லும், மூடிய கவருக்குள் இருப்பதையும் சொல்லும், என்றோ இறந்துபோனவரின் ஞான நிலையையும் சொல்லும் என்பதற்கும் இதற்கும் நடுவில் ஒரு பாலமும் இல்லை.

ரே ஹைமன் என்ற அமெரிக்க உளவியல் பேராசிரியர் பதிவு செய்த ஒரு நிகழ்ச்சி இருக்கிறது. நாக்கில் ஒரு சொட்டு குளுக்கோஸ் வைத்தால் கை இறங்கும், பழச் சர்க்கரை வைத்தால் நிற்கும் என்று சில கைரோபிராக்டர்கள் செய்து காட்டினார்கள். எது எந்தச் சொட்டு என்று இரண்டு பக்கமும் தெரியாமல் செய்தபோது, வித்தியாசமே காணாமல் போய்விட்டது. அதற்கு அவர்களில் ஒருவர், இதனால்தான் நாங்கள் இந்த மாதிரி சோதனையே இப்போது செய்வதில்லை, எப்போதும் தப்பாகவே வருகிறது என்றாராம். முறையில் கோளாறு இருக்கலாம் என்று அவருக்குத் தோன்றவே இல்லை, சோதனையில்தான் கோளாறு என்று முடிவு கட்டிவிட்டார்.

ஹாக்கின்ஸின் முறையிலும் இதுதான் நடந்தது. மற்றவர்கள் செய்து பார்த்தபோது வேறு வேறு எண் வந்தது. அதற்கு அவர் தந்த பதில்: சோதிக்கிறவரும் சோதிக்கப்படுகிறவரும் இருவருமே 200-க்கு மேல் உள்ளவர்களாக இருந்தால்தான் முடிவு சரியாக வரும். சரி, நான் 200-க்கு மேலா என்று எப்படித் தெரிந்துகொள்வது? அதே பரிசோதனையால்தான். எனக்கு எண் ஒத்து வரவில்லை என்றால் முறை தவறு என்று ஆகாது, நான் தாழ்ந்த நிலையில் இருக்கிறேன் என்றுதான் ஆகும். கேள்வி கேட்கிறவனின் தகுதியைக் குறைத்துவிட்டுத் தப்பித்துக்கொள்ளும் அளவுகோலை நான் அளவுகோல் என்று ஒத்துக்கொள்ள மாட்டேன். என் தொழிலில் ஒரு மாணவி 3 என்று எழுதி நான் 4 என்று எழுதினால், இரண்டு பேரும் சேர்ந்து மறுபடி பிள்ளையைச் சோதிப்போம். அவள் மனநிலை சரியில்லை என்று சொல்லிவிட்டுப் போகமாட்டேன்.

நம்ம ஊர் சம்பந்தம் ஒன்று இதில் இருக்கிறது, அதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அட்டவணையில் 700-க்கு மேல் உள்ள ஞானிகளில் ஒருவராகத் திருவண்ணாமலை ரமண மகரிஷியை ஹாக்கின்ஸ் வைத்திருக்கிறார். மரியாதையாகத்தான் வைத்தார், தெரியும். பலர் இதை நமக்குப் பெருமை என்று பகிர்கிறார்கள். ஆனால் ரமணர் 1950-லேயே சித்தி அடைந்துவிட்டார். அவர் கையை யாரும் அழுத்தவில்லை. பல வருடம் கழித்து அமெரிக்காவில் யாரோ ஒருவர் கையை நீட்ட, இன்னொருவர் இவர் பெயரைச் சொல்லி அழுத்தியதில் வந்த எண் அது. ‘நான் யார்’ என்று தனக்குள் தேடு என்பதைத் தவிர வேறொன்றும் பெரிதாகச் சொல்லாத, தன்னை நாடி வந்த மனிதரையும் பசுவையும் குரங்கையும் ஒரே மாதிரி நடத்திய ஒருவருக்கு மதிப்பெண் போட்டு, வேறொரு மகானுக்குப் பக்கத்தில் கூடுதல் குறைவு பார்ப்பது எனக்கு மனதுக்குக் கஷ்டமாக இருக்கிறது.

அதைவிடக் கஷ்டமான ஒன்று இருக்கிறது, நான் இவ்வளவு எழுதுவதற்குக் காரணமே அதுதான். எனக்குத் தெரிந்த ஒரு பெண், கணவரை இழந்து சில மாதம் ஆகியிருந்த நேரத்தில், தெரிந்தவர்கள் கூட்டிப்போனார்கள் என்று ஒரு சுயமுன்னேற்றப் பயிற்சி வகுப்புக்குப் போனார். அங்கே கையை நீட்டச் சொல்லி, அழுத்தி, ‘நீங்கள் 75-ல் இருக்கிறீர்கள், உங்கள் பக்கத்தில் இருக்கிற பிள்ளைகளையும் கீழே இழுக்கிறீர்கள்’ என்று சொல்லியிருக்கிறார்கள். அடுத்த கட்டப் பயிற்சியில் சேர்ந்தால் 200-ஐத் தாண்டலாமாம், அதற்குத் தனிக் கட்டணம். அந்தப் பெண் அதற்குப் பிறகு பிள்ளைகளுக்கு முன்னால் அழுவதையே நிறுத்திக்கொண்டார். தான் அழுதால் பிள்ளைகளின் ஆற்றல் குறைந்துவிடும் என்று பயம். அப்பாவை இழந்த பிள்ளைகளும் அம்மாவும் சேர்ந்து உட்கார்ந்து அழ முடியாமல் போனது ஒரு எண்ணால். துக்கம் என்பது கீழ்மட்ட ஆற்றல் என்று யார் முடிவு செய்தது? இழவு வீட்டில் பெண்கள் கட்டிக்கொண்டு மாரடித்து ஒப்பாரி வைத்த ஊர் இது. ஒருத்தி அழுதால் மற்றவள் ஆற்றல் குறையும் என்று அங்கே யாரும் விலகி உட்காரவில்லை, பக்கத்தில் வந்துதான் உட்கார்ந்தார்கள்.

இந்த மாதிரி வகுப்புகளுக்குப் போனவர்களில் பலருக்கு நல்லது நடந்திருக்கிறது என்றும் எனக்குத் தெரியும். ஒருவர் அக்கறையோடு நம் கையைத் தொட்டு, உனக்குள் என்ன நடக்கிறது என்று கேட்பதே பலருக்கு வாழ்க்கையில் முதல் தடவையாக இருக்கும். எனக்குள் இருப்பது கோபம் இல்லை, பயம் என்று பெயர் சொல்லத் தெரிந்தாலே மனசு லேசாகும். பயத்திலிருந்து துணிவுக்கு, துணிவிலிருந்து ஏற்றுக்கொள்ளுதலுக்கு என்று ஒரு ஏணியைப் பார்க்கும்போது ஏற வேண்டும் என்று தோன்றும். அதெல்லாம் உண்மை. அதற்கு எண் தேவையில்லை என்பதுதான் என் வாதம்.

உணர்வுக்கு எண் போடவே கூடாது என்றும் நான் சொல்லவில்லை. வலியோடு வருகிறவரிடம் 0 முதல் 10 வரை எவ்வளவு என்று நாங்கள் தினமும் கேட்போம். மனப் பயத்துக்கு சிகிச்சை தரும் மருத்துவர்களும் 1960களிலிருந்து இதே மாதிரி கேட்கிறார்கள். மனச்சோர்வுக்கு ஒன்பது கேள்விகள் கொண்ட ஒரு படிவம் இருக்கிறது, அரசு மருத்துவமனைகளிலும் பயன்படுகிறது. இவற்றிலெல்லாம் எண்ணைச் சொல்கிறவர் யார் என்று பாருங்கள். நோயாளி. நேற்று 8, இன்றைக்கு 5 என்று அவரே தன்னோடு தன்னை ஒப்பிட்டுக்கொள்கிறார். அவருடைய 5 இன்னொருவரின் 5-ஐவிட மேலா கீழா என்று யாரும் கேட்பதில்லை. கையை அழுத்தி எண் சொல்லும் முறையில் இது தலைகீழாகிவிடுகிறது. எனக்குள் என்ன இருக்கிறது என்று எனக்குச் சொல்லும் அதிகாரம் என் கையை அழுத்துகிறவருக்குப் போய்விடுகிறது.

ஆசிரியர் அவர்களே, மாற்று முறைகளைப் பற்றி எழுதவே வேண்டாம் என்று நான் கேட்கவில்லை. மக்கள் ஆர்வமாகப் படிக்கிறார்கள், எழுதுங்கள். ஆனால் எண் போட்டால் அந்த எண் எப்படி வந்தது என்று பக்கத்தில் இரண்டு வரி போடுங்கள். இந்த அட்டவணை ஹெர்ட்ஸ் கணக்கு அல்ல, ஒருவர் கையை இன்னொருவர் அழுத்தி வந்தது, இருபக்கமும் தெரியாமல் சோதித்தபோது அந்தக் கை பரிசோதனை தேறவில்லை என்று அடுத்த ஞாயிறு அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில் ஒரு திருத்தம் வெளியிடுங்கள். முடிந்தால் அதோடு 14416 என்ற எண்ணையும் போடுங்கள். டெலி மானஸ் என்ற மத்திய அரசின் இலவச மனநல உதவி எண் அது, தமிழிலும் பேசலாம், எந்த நேரத்திலும் கூப்பிடலாம். துக்கத்தில் இருக்கிறவர் கூப்பிட்டால் கையை நீட்டச் சொல்ல மாட்டார்கள், பேசச் சொல்வார்கள்.

தசைப் பரிசோதனை எப்படிச் செய்வது, கை எப்படி இறங்குகிறது என்று உங்கள் நிருபர் யாராவது நேரில் பார்க்க விரும்பினால் நான் செய்து காட்டத் தயார். கடிதத்தோடு தனித்தாளில் என் முகவரி இருக்கிறது, அதை வெளியிட வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற பிசியோதெரபிஸ்ட்,
வேலூர் மாவட்டம்.